இரவல் மீசையின் கடைசி ரீல்

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மறுவாரமே வேதசிரோமணி ஒரு கேள்வியோடு அலையத் தொடங்கினார். வயது ஐம்பத்தெட்டு. இந்த வயதில் மற்றவர்கள் சர்க்கரை அளவைப் பற்றிக் கவலைப்படுவார்கள். இவருக்கோ, அப்பா எடுத்த கடைசிப் படம் உண்மையிலேயே மோசமா என்று தெரிந்தாக வேண்டும்.

அப்பா தேவானந்தம் அந்தக் காலத்தில் பாட்டும் சிரிப்புமாக ஆறு படம் எடுத்தவர். அவர் படத்தில் கதாநாயகன் கிணற்றில் விழுந்தாலும் பாடிக்கொண்டேதான் விழுவான். ஏழாவது, 1949-இல் வந்த ‘இரவல் மீசை’. அதை ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்கப் பல்லாவரம் டூரிங் கொட்டகைக்குப் போனவர், திரும்பி வந்து சினிமாவையே தலைமுழுகினார். “முடியறதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிட்டாங்களாம்” என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள். அப்பா சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஏழு படங்களில் ஒன்றுக்கும் இன்று பிரதி கிடையாது. கொட்டகை வாசலில் விற்ற, கதைச் சுருக்கம் போட்ட ‘இரவல் மீசை’ பாட்டுப் புத்தகம்தான் மிச்சம். மீசை இல்லாதவனுக்குப் பெண் தரமாட்டேன் என்கிறார் மாமனார். மாப்பிள்ளை ஒட்டு மீசையோடு மணமேடை ஏறுகிறான். மாமனார் கை மீசையை நெருங்குகிறது. ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று அதோடு முடித்துவிட்டார்கள். வெள்ளித்திரைக்கு இப்போது எங்கே போவது? புத்தகம் அச்சிட்டவன் மேல் அவருக்குத் தீராத கோபம்.

2006-இல் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில் பழைய மின்விசிறி விற்கும் முஸ்தபா பாயிடம் அந்தப் புத்தகத்தை நீட்டினார். அதற்கு முன்னே முப்பது கடைகளில் நீட்டியிருக்கிறார். எண்பதை நெருங்கும் முஸ்தபா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இந்தப் படத்த நான்தான் சார் ஓட்டினேன். அப்போ கொட்டகைல ஆபரேட்டரு.”

வேதசிரோமணி மின்விசிறிகளைத் தள்ளிவிட்டுக் கிட்டே வந்தார். “முடியறதுக்குள்ள ஜனங்க எழுந்து போயிட்டாங்களா பாய்?”

“எங்க போனாங்க? ஒரு பாட்டுக்கு ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர்னு ஒரே ரகள. அதே ரீல நாலு தபா ஓட்டினேன். ஆட்டம் முடியற டைம் வந்திருச்சு, வாசல்ல போலீஸ்காரரு நின்னுகினு கீறாரு. முதலாளி கடைசி ரீல் வேணாம்னுட்டாரு. ஜனங்க பாட்டப் பாடிக்கினே வூட்டுக்குப் போனாங்க.”

அடப்பாவிகளா என்று இருந்தது வேதசிரோமணிக்கு.

“எல்லாரும் போனப்புறம் ஒருத்தரு வந்து, நான்தான் டைரக்டரு, எனக்கு மட்டும் அந்த ரீலப் போடுன்னாரு. மணல்ல தனியா உக்காந்து பார்த்தாரு.”

“அதுல என்ன இருந்துச்சு?”

“பாட்டே கெடையாது சார். பேச்சும் கெடையாது. மாமனாரு மீசைய இழுக்கறாரு, கையோட வந்திருது. மாப்ள பயத்துல மாமனாரு மீசையப் புடிக்கிறான், அதுவும் வந்திருது. மண்டபம் ஃபுல்லா உக்காந்திருக்கற அத்தினி ஆம்பளைங்களும் மெல்ல, ஒருத்தன ஒருத்தன் பார்க்காம, அவனவன் மீசைய அமுக்கிப் புடிச்சிக்கினாங்க.”

வேதசிரோமணி சிரித்தார். அடக்க முடியாமல், பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். இத்தனை வருஷம் அப்பாவைத் தோற்றுப்போனவராக நினைத்திருந்ததை எண்ணி, சிரிப்பினூடே கண்ணீர் வந்தது.

“நீங்க சிரிச்சீங்களா பாய்?”

“வயிறு வலிக்கற அளவுக்கு. ஆனா கேபின் உள்ள, மிஷின் சத்தம். அவருக்குக் கேட்டிருக்காது.”

“அப்புறம்?”

முஸ்தபா புத்தகத்தை மெல்ல மூடினார்.

“வெளிய வந்தேன். எப்படி இருந்துச்சு தம்பின்னு கேட்டாரு. பெரிய மனுசன் எதுத்தாப்புல பல்லக் காட்டிக்கினு நிக்கலாமா? மூஞ்ச நல்லாத் தொடச்சிக்கினு, கையக் கட்டிக்கினு, ‘நல்லா இருந்துச்சு சார்’னு மரியாதையா சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னாரு?”

“என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பார்த்தாரு. ‘பரவால்லப்பா’ன்னுட்டுப் போயிட்டாரு.”