பதினோரு பேரின் கைதட்டல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "போன சனிக்கிழமை ரேடியோவுல கேட்டேன் சார். என்ன கூட்டம்! ஒரு ஐந்நூறு பேர் இருப்பாங்களா?" என்றார்.

"அவ்வளவு இருக்காது" என்றேன், அடக்கமாக.

வந்திருந்தவர்கள் பதினோரு பேர். அவர்களில் நானும் ஒருவன். அன்றே மறுபடி இரண்டு படி இறங்கிப்போய் உண்மையைச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'அரங்கு நிரம்பி வழிந்தது. சுமார் இருநூறு பேர்' (அடித்துவிட்டேன். பார்த்தீர்களா, பேனாவுக்கும் பழக்கமாகிவிட்டது.)

'வெறிச்சோடிய அரங்கில், ஒற்றைப் பெண்குரல் மட்டும்' (இதுவும் பொய், அழுமூஞ்சிப் பொய். பதினோரு பேர் இருக்கிற இடம் வெறிச்சோடியது ஆகாது. அங்கே விக்கல் வரும், வாக்குவாதம் வரும், யாராவது ஒருவர் கைப்பைக்குள் ஐந்து நிமிடம் கண்ணாடியைத் தேடுவார்.)

மூன்றாவது இது: மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. உள்ளூர் வானொலி நிலையத்தின் தரைத்தளத்தில் ஒரு கூடம், எண்பது நாற்காலிகள். முதல் அரை மணி நேரம் யாராவது பாடுவார்கள், வாசிப்பார்கள், கதை சொல்வார்கள். அடுத்த அரை மணி நேரம் வந்தவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாம் நேரடி ஒலிபரப்பு. நிகழ்ச்சியின் பெயர் 'கூடிப் பேசுவோம்'.

இதில் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை. இருக்கட்டும்.

3

நிகழ்ச்சியை நடத்துபவரை எல்லோரும் அக்கா என்பார்கள். வயது ஐம்பத்தொன்று. வார நாட்களில் காலையும் மாலையும் போக்குவரத்துச் செய்தி வாசிப்பவர். 'கூடிப் பேசுவோம்' அவருடைய யோசனை. ஏன் தோன்றியது என்று ஒருமுறை கேட்டேன்.

"இருபது வருஷமா எந்த ரோடு அடைச்சிருக்குன்னு சொல்லிட்டிருக்கேன். ஒருத்தர்கூட 'அப்படியா'ன்னு திருப்பிக் கேட்டதில்லை" என்றார். "பேசறவங்க மூஞ்சிய இன்னொருத்தர் திரும்பிப் பாக்கணும். அதுக்கு ஒரு கூடம் வேணும்."

ஒலியைக் கவனித்துக்கொள்பவர் அவருடைய சொந்தத் தம்பி. அக்கா கூப்பிடுவதைப் பார்த்து நிலையம் முழுவதும் அவரைத் தம்பி என்றே கூப்பிடும். தம்பிக்கு நாற்பத்தாறு வயது, காதோரம் நரை. அவரைவிடப் பத்து வயது இளையவரான மேலாளரும் "தம்பி, இங்க வாங்க" என்பார்.

முதல் மாதம் பதினோரு பேர் வந்தோம். பாடி முடித்ததும் கைதட்டினோம். தகரக் கூரையில் நாலு துளி விழுந்த மாதிரி இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. தம்பி அதைப் பார்த்தார். அடுத்த மாதம் மூன்று மைக் கூடுதலாகக் கொண்டுவந்தார்.

4

இனி வருவது விளக்கம். கதை மட்டும் போதும் என்பவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம். ஆனால் இதைத் தாவுகிறவர்களுக்காக நான் கொஞ்சம் வருத்தப்படுவேன். இவ்வளவு அழகான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

பதினோரு பேரை இருநூறு பேர் ஆக்குவது எப்படி?

மனித உடம்பும் துணியும் ஒலியைக் குடித்துவிடும். ஆளில்லாத கூடத்தில் குடிக்க யாருமில்லை. ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். அதாவது கூடம் காலியாக இருப்பதே தம்பிக்கு முதல் மூலதனம். இரண்டு மைக்குகளை நாற்காலிகளுக்கு அடியில், எங்கள் கைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்றாவதைப் பின்சுவரில், எழுபது அடி தள்ளி. கைதட்டல் அங்கே போய்ச் சேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். முன்னால் கேட்டதையும் பின்னால் தாமதமாகக் கேட்டதையும் சேர்த்தால் ஒரு கை இரண்டு கை. அந்த இரண்டையும் தன் மேசையில் இன்னும் கொஞ்சம் தாமதித்து, மறுபடி சேர்ப்பார். நான்கு, எட்டு என்று போகும்.

மிச்சம் எங்கள் பொறுப்பு. நாங்கள் நெருங்கி உட்காரக் கூடாது, இங்கொருவர் அங்கொருவராகச் சிதற வேண்டும். ஒன்றாகத் தட்டத் தொடங்கக் கூடாது. "பெரிய கூட்டம் எப்பவும் ஒழுங்கா தட்டாது. ஒருத்தர் ஆரம்பிக்கணும், ஒருத்தர் யோசிக்கணும், ஒருத்தர் பக்கத்துல பாத்துட்டுத் தட்டணும்" என்று சொல்லிக்கொடுத்தார். நான் யோசிக்கிறவன். இரண்டு வருடம் யோசித்து யோசித்துத் தட்டினேன்.

(அடிக்குறிப்பு: ஏற்கெனவே பதிவு செய்த கைதட்டலைத் தம்பி ஒருநாளும் போட்டதில்லை. அதைச் சொன்னாலே கோபம் வரும். "அது ஊரான் கை. அதுதான் பொய். இது எல்லாம் நம்ம கை.")

அக்காவுக்கு இது தெரியாது. தன் குரலைத் தானே கேட்கக் கூசுபவர். மறு ஒலிபரப்பு வந்தால் ரேடியோவை அணைத்துவிடுவார். கூடத்தில் அவர் கேட்டது பதினோரு பேரை. வீட்டில் இருந்தவர்கள் கேட்டது இருநூறு பேரை. 'உங்கள் அரங்கு நிறைந்த நிகழ்ச்சி' என்று கடிதம் வந்தால், பாவம், நம் மனம் நோகக் கூடாது என்று எழுதுகிறார்கள் என நினைத்துக்கொள்வார்.

5

மேலாளரை என்ன செய்வது என்று தெரியவில்லை. கதைக்கு ஒரு கல்நெஞ்சக்காரர் தேவைப்பட்டார். முதல் வரைவில் அவருக்கு முரட்டு மீசை வைத்து, மேசையைத் தட்டிப் பேசவைத்தேன். ஆனால் நிஜ ஆளுக்கு மீசையே கிடையாது. நிகழ்ச்சிக்கு முன்னால் வந்து எண்பது நாற்காலிகளையும் தானே வரிசையாக நேர்செய்கிற மனிதர். மீசையை எடுத்துவிடுகிறேன்.

இருபத்து நான்காம் மாதம், நிகழ்ச்சி தொடங்கும் முன் அவர் அக்காவிடம் சொன்னார்: "எனக்கு மனசே இல்லக்கா. எண்பது நாற்காலி போட்டு ரெண்டு வருஷமா அதே பதினோரு பேர்னா மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? அடுத்த மாசம் முப்பது பேராவது வரட்டும். இல்லன்னா ஸ்டுடியோவுக்குள்ள போயிடலாம். நீங்க, ஒரு விருந்தாளி, ஒரு போன். கேக்கறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதானே?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார் அக்கா.

6

அன்றைய பேச்சு, வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கலாமா கூடாதா என்பது. எங்களில் ஒருவரான பேருந்து ஓட்டுநர் வீட்டுக்காரர் கட்சி. பிளம்பர் குடியிருப்பவர் கட்சி. சூடு பிடித்திருந்தபோது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கூடத்து ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல்.

"நான் எதிர்க் கட்டடத்துல ரெண்டாவது மாடிம்மா. ஜன்னல் திரை தைக்கிறேன். உங்க கூடத்துல நீலத் திரை மாட்டியிருக்கீங்களே, நான் தச்சதுதான்."

"அடடா! அப்போ ரோட்டைத் தாண்டினா வந்துடலாமே. ஏன் போன்ல பேசறீங்க?" என்றார் அக்கா.

"அய்யோ, அந்தக் கூட்டத்துல நான் எங்க உக்கார்றது? ரெண்டு வருஷமா வரணும்னு ஆசைதான். முட்டி வலிம்மா, நின்னுட்டே கேக்க முடியாது. என்னைக்காவது ஒரு நாற்காலி காலியாச்சுன்னா சொல்லி அனுப்புங்க, ஓடி வந்துடறேன்."

நாங்கள் பதினோரு பேரும் திரும்பி அறுபத்தொன்பது காலி நாற்காலிகளைப் பார்த்தோம். பேருந்து ஓட்டுநரால் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் நாற்காலிக்கு அடியில்தான் மைக்.

"பாத்தீங்களா!" என்றது ஸ்பீக்கர். "சிரிக்கறதே எத்தனை பேரு!"

7

நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா நேராக ஒலி அறைக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அன்றைய பதிவைப் போடச் சொன்னார். நான் கதவருகில் நின்றேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். குற்றவாளிகள் போகத்தான் செய்வார்கள்.

"இது எந்த ஊர்க் கூட்டம்டா?"

"நம்மதுதான்க்கா."

"நம்மகிட்ட பதினோரு பேரு."

"அதே பதினோரு பேருதான். ஒரு கைகூட வெளியில இருந்து கொண்டு வரல."

"எதுக்குடா இப்படி?"

தம்பி மேசையிலிருந்த தூசியைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை. "மொத மாசம் நீ படியில உக்காந்திருந்தே. உன் நிகழ்ச்சி சின்னதா கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இவ்வளவு நல்லா வேலை தெரிஞ்சவன், ஊரையே வாசல்ல நிறுத்திட்டியேடா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வீட்ல மறு ஒலிபரப்பு கேப்பீங்கல்ல?"

"கேப்பேன்."

"அப்போ உங்களுக்கும் தெரியும்."

[இந்த இடத்தில் முதல் வரைவில் ஒன்றரைப் பக்கத்துக்கு என் தரப்பு நியாயம் இருந்தது. கிழித்துவிட்டேன். "தெரியும்" என்றுதான் சொன்னேன்.]

8

அடுத்த மாதம் 'இடம் இருக்கிறது, வாருங்கள்' என்று அறிவித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்றார் தம்பி. அக்கா ஒப்பவில்லை. "நீ நெறைய பேரு மாதிரி கேக்க வெச்சுட்டு நான் இடம் இருக்குன்னா எவன் நம்புவான்? நெஜத்தைச் சொல்லணும்."

"சொன்னா ரெண்டு வருஷமா ஏமாத்தினாங்கன்னு கேக்கறதையும் நிறுத்திடுவாங்க. கூடமும் போகும், நிகழ்ச்சியும் போகும். என் வேலையும் போனாலும் போகும்."

"அதான் உன்னைக் கேக்காம சொல்லக் கூடாதுன்னு நிக்கறேன்."

தம்பி ஒரு கேபிளை எடுத்து, ஒரு சுற்று உள்பக்கம், ஒரு சுற்று வெளிப்பக்கம் என்று முறுக்கு விழாமல் சுற்றத் தொடங்கினார். அது நீளமான கேபிள். அக்கா காத்திருந்தார். முழுவதும் சுற்றி முடித்துவிட்டுத் தம்பி சொன்னார்: "சரி. ஆனா எப்படிப் பண்ணேன்கறதை நான்தான் சொல்லுவேன். நீ சொன்னா தப்புத் தப்பா சொல்லுவே."

(இந்த மனிதரை நான் கற்பனை செய்ததாக இருந்தால் இந்த வசனத்துக்காக என்னை நானே பாராட்டிக்கொள்வேன்.)

9

இருபத்தைந்தாம் மாதம். சளி, காய்ச்சல், ஒரு பேத்தியின் பிறந்தநாள் என்று குறைந்து நாங்கள் ஒன்பது பேர்தான். மேலாளர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்கு மணிக்கு அக்கா வணக்கம் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். பிறகு தம்பி முதன்முறையாக மேடைக்கு வந்தார். மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார். அதைச் செய்கிறவர்களை இருபது வருடமாகத் திட்டி வந்தவர்.

"இப்போ கேட்டீங்களே, அது இருநூறு பேரு" என்றார் ஊருக்கு. "நான்தான் பண்ணேன். பின்சுவர் மைக்கை இப்போ மூடறாங்க. தட்டுங்க." ஒலி அறைக்குள் இருந்த உதவியாளர் மூடினார், தட்டினோம். "பாதியாச்சா? இப்போ தாமதத்தை எடுக்கறாங்க. தட்டுங்க." தட்டினோம். "இப்போ நாற்காலிக்குக் கீழ இருக்கறதும் இல்ல. மேடை மைக் மட்டும்." தட்டினோம். "இதுதான் நாங்க. ஒன்பது பேரு." "நாங்க" என்று மறுபடி தொடங்கி, பாதியிலேயே மைக்கை அக்காவிடம் நீட்டினார். கதையைச் சோகமாக்க இதை நான் சேர்க்கவில்லை. வீட்டில் கேட்டவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

அக்கா மைக்கை வாங்கினார். "எழுபத்தொரு நாற்காலி காலியா இருக்கு. யாரும் நின்னுட்டே கேக்க வேண்டாம். கோவமா இருந்தாலும் வாங்க, வந்து திட்டுங்க. அம்பது நிமிஷம் இருக்கு." பிறகு ஒன்றும் நடக்காதது போல, பாட்டை விட்டுவிட்டு நேராக அன்றைய பேச்சைத் தொடங்கினார்: மாடிவீட்டுக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தம். பிளம்பர் எழுந்தார். பேருந்து ஓட்டுநர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

நாலு இருபதுக்குக் கதவு திறந்தது.

10

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: திரை தைக்கும் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு முதலில் வருகிறார், அவருக்குப் பின்னால் தெருவே வருகிறது, மேலாளர் மாடியிலிருந்து இன்னும் நாற்காலி இறக்க ஓடுகிறார். இதை எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. அதனால்தான் இதை நம்பக் கூடாது.

இரண்டு: அந்த அம்மா மட்டும் வருகிறார். பத்துப் பேர். அடுத்த மாதம் ஸ்டுடியோ, ஒரு போன். இப்படி முடித்தால் உண்மை போலக் கேட்கும். ஆனால் சோகம் வைத்தால் வாசகர் நம்புவார் என்பதும் ஒரு பின்சுவர் மைக்தான். அதையும் மூடிவிடுகிறேன்.

இரண்டு வருடம் ஒரு கையை இருபது கையாக்க உதவியவன் நான். எத்தனை பேர் வந்தார்கள் என்று இனி நான் சொல்வதற்கில்லை. சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அந்தக் கூடத்துக் கதவு கனமானது, மூடும்போது அதிரும். அந்தச் சத்தம் ஒலிபரப்பில் போகாமல் தம்பி எப்போதும் பார்த்துக்கொள்வார். அன்று விட்டுவிட்டார். கதவு ஒவ்வொரு முறை மூடியதும் ஊர் முழுக்கக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அதிர்வில் அவர் பேச்சு நின்றது. இரண்டாவதில் அவர், தம்பி திரும்பிப் போயிருந்த ஒலி அறையின் கண்ணாடியைப் பார்த்தார். அதற்குப் பிறகு…

நீங்கள் அன்று வீட்டில் ரேடியோ போட்டிருந்தீர்கள் என்றால் எண்ணிக்கை உங்களிடம் இருக்கும். எண்ணுவதைப் பாதியில் விட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தீர்கள் என்றால், உங்களையும் ஒன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மேலாளர் கேட்ட முப்பது ஆனதா என்று எனக்கும் சொல்லுங்கள்.