கையுறை இல்லாமல்

மக்தலேனாவின் இடது கையில் வெள்ளைக் கையுறை ஏறிவிட்டது. வலது கைக்கு ஜெயம்மா அத்தை விரல் விரலாக நுழைத்துக்கொண்டிருந்தபோது மார்த்தா அதைப் பிடித்து உருவினாள்.

"வேணாம் அத்தை. அம்மாவுக்கு இது வேணாம்."

"என்னடி கூத்து? வெறுங்கையோடயா பெட்டியில வைக்கிறது? சபையில நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போகட்டும். நல்லாப் பாக்கட்டும்."

பார்க்க அங்கே ஒன்று இருந்தது. மக்தலேனாவின் இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே வெள்ளையாய், வழவழவென்று ஒரு தழும்பு. அவர்கள் குடியிருந்த தாகேதா பேட்டையில், அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கொதிக்கிற சட்டியைத் தூக்கிச் சுட்டுக்கொண்டாள் என்பார்கள். அப்படித்தான் புருஷன் ஞானசுந்தரம் சொல்லி வைத்திருந்தார்.

அவர் இப்போது கறுப்புக் கோட்டுடன் முன்னறையில் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்தவர்களிடம் தன் பழைய தோணிக் கதையை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மனைவி செத்துக் கிடக்கிற நாளிலும் கதைக்கு ஓய்வில்லை.

"நாப்பத்திரண்டுல, யுத்தத்துல எதிரி கைக்குக் கிடைக்கக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் எண்ணெய்க் கிணத்தையெல்லாம் கொளுத்திட்டு ஓடிட்டான். ஸ்டீமர் கிடையாது. நம்ம சனம் பூரா தாய்நாட்டுக்குன்னு வடக்க நடக்குது. நான் தெக்க போக ஒரு தோணியைப் பிடிச்சேன். இவளையும் புள்ளையையும் உக்கார வச்சு, ஆறே நாள்ல ஆத்தோட கீழ ப்ரோம் டவுன்ல கொண்டாந்து சேத்தேன். ரெண்டு கரையும் பொட்டல். முள்ளும் மணலும்தான். ஒரு மனுசப்பய கிடையாது!"

ஒரு கல்யாணம், ஒரு கிறிஸ்துமஸ் தப்பாது. பிரியாணிக்கு முன்னால் இந்தத் தோணி வந்துவிடும். மக்தலேனா அந்த நேரம் பார்த்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

அடப் பாவமே, அந்தத் தோணியில் மார்த்தாவும் இருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அப்பா காய்ச்சலில் தோணியின் அடியில் சுருண்டு கிடந்து, ஆபீஸ் பைல் எங்கே என்று பிதற்றிக்கொண்டிருந்தார். துடுப்பு அம்மா கையில். சித்திரை வெயில், ஆறு வற்றி, நடுவில் மணல்திட்டு திட்டாய் எழும்பிக் கிடந்தது. தோணி தட்டினால் அம்மா இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பாள். பொழுது சாய்ந்தால் திட்டில் கட்டிவிட்டு மணலைத் தோண்டுவாள்; ஊறுகிற தெளிந்த நீரைப் பால் டப்பாவில் மொண்டு முதலில் அப்பாவுக்குத்தான் கொடுப்பாள். கையின் தோல் உரிந்ததும் சேலையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். துணி சிவந்ததைப் பார்த்து மார்த்தா அழுதபோது, "அழுவாம தண்ணியை இறைடி" என்றாள். மார்த்தா இறைத்தாள்.

சபை உபதேசியார் பொன்னுத்துரை, இறந்தவளின் ஜீவிய சரித்திரத்தை எழுதி எடுத்து வந்திருந்தார். அடக்க ஆராதனையில் வாசிப்பது. வாசித்ததைச் சபைப் புத்தகத்தில் ஒட்டிவிடுவார்கள். பிறகு அதுதான் மக்தலேனா. மார்த்தா அதை வாங்கிப் பார்த்தாள். நேரே போய் அப்பாவை அடுக்களைக்கு அழைத்து வந்தாள்.

"தோணியை நீங்க ஓட்டினதா எழுதியிருக்குப்பா. மாத்தச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழவு வீட்டுல என்னம்மா வழக்கு? உங்கம்மா ஒரு நாளாச்சும் கேட்டாளா?"

"கேக்கலை. 'அந்த மனுசனுக்குப் பேச அது ஒண்ணுதான் இருக்கு, விடுடி'ன்னாங்க. அவங்க விட்டாங்க. நான் விட மாட்டேன்."

"இத்தனை வருசமாச் சொல்லிட்டேன். இப்ப என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"அது உங்க பாடு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

ஆராதனை தொடங்கியது. வீடு கொள்ளாமல் வாசலிலும் சனம். ஜெபம் முடிந்து உபதேசியார் தாளைப் பிரித்தார்.

"…யுத்த காலத்தில் அன்னாரின் கணவர் தம் உயிரையும் பொருட்படுத்தாது, ஆறு நாட்கள் தாமே தோணி செலுத்தி…"

"நிறுத்துங்க ஐயா."

மார்த்தா எழுந்து நின்றிருந்தாள். அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உபதேசியார் இருமிவிட்டு, குரலை உயர்த்தி அந்த வரியைத் திரும்ப வாசிக்கப் பார்த்தார். மார்த்தா அதற்கும் மேலே குரலை உயர்த்தினாள்.

"பொய்! தோணி ஓட்டினது எங்கம்மா. அப்பா காய்ச்சல்ல கிடந்தாங்க. ஆறு நாளும் அம்மாதான். சந்தேகம்னா வந்து இந்தக் கையைப் பாருங்க. சட்டி சுட்டா இப்படி ரெண்டு கையிலும் கோடு போட்ட மாதிரியா சுடும்?"

வெறுமையாக இருந்த வலது கையை எடுத்து, உள்ளங்கை தெரியப் பிடித்துக் காட்டினாள். அந்தக் கை சில்லென்றிருந்தது. எல்லோரும் ஞானசுந்தரத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு இல்ல" என்றார்.

உபதேசியார் நிம்மதியாக மூச்சுவிட்டார். மார்த்தா அம்மாவின் கையை இறக்கவில்லை. இப்போதும் இந்த மனுஷன் சண்டைக்குத்தான் வருகிறார்!

"ஒன்பது நாள்" என்றார் ஞானசுந்தரம். "ஆறுன்னு நான்தான் குறைச்சுச் சொன்னேன். ஒன்பது நாளும் அவதான். அப்படியே எழுதுங்க."

உபதேசியார் பேனாவைத் தேடினார். கிடைக்கவில்லை. வாசலில் நின்ற யாரோ ஒன்றை நீட்டினார்கள். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே புதிதாக எழுதினார்.

பெட்டியை மூட வந்தபோது ஞானசுந்தரம் கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து, மனைவியின் இடது கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். ஜெயம்மா, "அண்ணே…" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

பெட்டி தெருவில் இறங்கியது. மார்த்தா அப்பாவுக்குப் பின்னாலேயே நடந்தாள். அவருடைய கறுப்புக் கோட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணிவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.