வலை கட்டியவளுக்கு முதலிடம்

அந்த உள்ளரங்கில் எல்லோரும் அவளை நோட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு வாரமாக ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட தாள்கள், கையில் ஒரு பென்சில், காதில் இன்னொரு பென்சில். பெண்கள் வாலிபால் கிளப்பின் பயிற்சியில் யார் என்ன உதவி செய்கிறார்கள் என்று எண்ணுவது அவள் வேலை. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அது. பள்ளிக்கூட அணிகளிலும் தொழில்முறை அணிகளிலும் நியாயமும் குழு உணர்வும் எப்படி இருக்கின்றன என்று அளக்கிறார்களாம்.

அளக்கும் முறை ரொம்பச் சுலபம். பந்து பொறுக்கிக் கொடுத்தால் ஒரு கோடு. தண்ணீர் பாட்டில் நீட்டினால் ஒரு கோடு. விழுந்தவளைத் தூக்கிவிட்டால், தரையில் சிந்திய வியர்வையைத் துடைத்தால், வலை கட்டினால், அவிழ்த்தால், பந்துக்குக் காற்றடித்தால் ஒவ்வொரு கோடு. கடைசியில் கூட்டினால் அவரவருடைய குழு மனப்பான்மை மதிப்பெண் வந்துவிடும். முறையைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர். கோடு போட்டுப் போட்டு விரலில் காய்ப்பு விழுந்தது நோட்டு அக்காவுக்கு.

இடைக்கால அறிக்கையில் முதலிடம் கொக்குக்கு. அணியில் எல்லோரும் வைத்த பட்டப்பெயர் அது; பன்னிரண்டாம் எண் ஜெர்சி போட்ட ஒல்லிப் பெண், இருபத்தாறு வயது, நின்றால் விளக்குக் கம்பம் மாதிரி இருப்பாள். அவளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு கோடுகள். கடைசி இடம் கேப்டனுக்கு, அறுபத்தொன்று. கொக்குக்கு முதலிடம் என்றதும் நோட்டு அக்காவுக்கு உள்ளூர சந்தோஷம்தான். நல்ல பெண், யாரிடமும் முகம் சுளிக்காத பெண் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நல்ல பெண் செவ்வாய்க்கிழமை மத்தியானம் துறை அலுவலகத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோது, முகத்தைப் பார்த்தே நோட்டு அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?"

"தண்ணியெல்லாம் நான் மத்தவங்களுக்குக் குடுக்கறதோட சரி" என்றாள் கொக்கு. உட்காரவில்லை.

விஷயம் இதுதான். கிளப் மேனேஜர் காலையில் அவளைக் கூப்பிட்டு அறிக்கையைக் காட்டியிருக்கிறார். அடுத்த ஆண்டுக்கான பன்னிரண்டு பேர் பட்டியல் வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. அதில் அவள் இல்லை. ஆனால் கவலைப்பட வேண்டாம், உன்னைப் போல் சேவை மனசு யாருக்கும் கிடையாது, ஆராய்ச்சியே சொல்லிவிட்டது, அதனால் உனக்காகவே ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவி உண்டாக்கியிருக்கிறோம் என்றாராம். பதவி என்றால் பந்து மூட்டை, வலை, தண்ணீர் பாட்டில். ஜெர்சி கிடையாது. சொல்லும்போது தோளில் தட்டிக் கொடுத்தாராம்.

"இந்த வருஷம் பதினோரு மேட்ச் ஆடினோம். நான் கோர்ட்டுக்குள்ள நின்னது மொத்தம் பதினாலு பாயிண்ட். அதுல ஒம்பது பாயிண்ட் நாங்க எடுத்தோம். அது உங்க நோட்டுல இருக்கா?"

இல்லை. அந்த நோட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

"நான் வலை கட்டுனத ஒண்ணு விடாம எண்ணுனீங்க. ஏன் கட்டுனேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களாக்கா?"

கொக்கே சொன்னாள். ஆடாதவர்கள்தான் வலை கட்ட வேண்டும் என்பது கோச் போட்ட சட்டம். முதல் வருடம் ஒருத்தி முடியாது என்றாள். மறு வாரம் அவள் அணியில் இல்லை. மற்றவர்கள் வரும் முன்பே, சாயங்காலம் நாலே முக்காலுக்கு வந்து கட்டினால்தான் ஐந்து மணிக்குப் பயிற்சி தொடங்கும். மூட்டு வலிக்கு டேப் சுற்றிக்கொண்டு இரும்புக் கம்பத்தைத் தூக்குவாள். அதற்குப் பெயர் சேவை மனசு என்று இப்போதுதான் தெரிந்ததாம்.

"நீங்க நல்லவங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதவை அறையக்கூட இல்லை. அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

நோட்டு அக்காவுக்கு ஆத்திரம் முதலில் மேனேஜர் மேல்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பிக்கொண்டு தன் மேலேயே பாய்ந்தது. ஏனென்றால் முதல் வாரம் அவளே கவனித்திருந்தாள். தாள் ஓரத்தில் 'சொன்னது கோச்', 'சொன்னது கேப்டன்' என்று பொடி எழுத்தில் குறித்தும் வைத்திருந்தாள். பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் தாளைக் குழப்பும், செய்தது யார் என்பது மட்டும் போதும் என்றார். அவளும் சரி சார் என்று அழிரப்பரை எடுத்து உட்கார்ந்து அத்தனையையும் அழித்தாள். தன் கையாலேயே.

பள்ளிக்கூடத்து ஞாபகமும் வந்து குத்தியது. கிளப்புக்கு முன்னால் ஆறு வாரம் அங்கேதான் கோடு போட்டாள். முதல் மதிப்பெண் எடுத்தது எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி; ஒரு ஆட்டத்தில்கூட இறங்காதவள். தலைமையாசிரியை மேடையில் கூப்பிட்டுக் கோப்பை கொடுத்தார். விழா முடிந்ததும் அந்தக் கோப்பை மைதானத்து பெஞ்சிலேயே கிடந்தது. பாவம், மறந்துவிட்டது போல என்று நோட்டு அக்காதான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். சிறுமி அதை வாங்கிக்கொண்டு பார்த்த பார்வைக்கு அன்றைக்கு அர்த்தம் புரியவில்லை.

மறுநாள் காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே கேட்டவன் சிரித்தான்.

"உங்க டிபார்ட்மெண்ட்ல இந்த மாதிரி கோடு போட்டா யாருடி ஃபர்ஸ்ட் வருவா?"

இஸ்திரிப் பெட்டி காலரின் மேலேயே நின்றுவிட்டது. ஜெராக்ஸ் எடுப்பது அவள். புரொஜெக்டர் வயர் தேடுவது அவள். வருகிறவர்களுக்குக் காபி சொல்வது, பேராசிரியரின் கட்டுரைக்குப் படம் போடுவது, பிழை திருத்துவது, எல்லாம் அவள். ஏழு வருடத்தில் ஐந்து கட்டுரை வந்தன. எதிலும் எழுதியவர் வரிசையில் அவள் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில், 'மனமுவந்து உதவியவருக்கு நன்றி.'

"கருகுது, கருகுது" என்றான் அவன்.

"கருகட்டும்."

பேராசிரியரிடம் போய் நின்றாள். மதிப்பெண்ணை அப்படியே அனுப்பக்கூடாது, ஒரு பெண்ணின் பிழைப்பே போகிறது என்றாள். அவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிளப் என்ன முடிவெடுக்கிறது என்பது கிளப்பின் பாடு, நாம் எண்ணினோம், அவ்வளவுதான் என்றார். அப்புறம் நினைவு வந்தவராக, "ஏம்மா, அப்படியே போற வழியில இத ஒரு பத்து காப்பி எடுத்துட்டு வந்துடேன்" என்று ஒரு தாள்கட்டை நீட்டினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள். தாள்கட்டை ஜெராக்ஸ் மெஷின் மேல் அப்படியே வைத்தாள். அவள் அரங்கத்துக்குப் போய்விட்டாள்.

அன்று புதன்; மறுநாள் வியாழன்தான் அவளுடைய குறிப்பெடுப்புக்குக் கடைசி நாள். அன்றே கோச்சைப் பார்த்து, பணிவாக ஒன்று கேட்டாள். நாளைக்கு ஒரு நாள் மட்டும் யாரும் யாருக்கும் எந்த வேலையும் சொல்லக்கூடாது. அணி தானாக எப்படி நடக்கிறது என்று எழுத வேண்டும். கோச்சுக்குப் பெருமை பிடிபடவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, தன் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, எல்லாம் தானாக நடக்கும், நன்றாக எழுதிக்கொள் என்றார். பயிற்சி முடிந்ததும் அவரே எல்லோரையும் நிற்கவைத்து அறிவித்தார். நோட்டு அக்கா கொக்குவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொக்கும் அவள் பக்கம் திரும்பவில்லை.

வியாழன் ஐந்து மணி. அரங்கத்தில் வலை இல்லை.

கம்பங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. வலை மூட்டையாகக் கிடந்தது. கேப்டன் வந்தாள், வெறும் களத்தைப் பார்த்தாள், உடம்பை வளைத்து நெளித்துப் பயிற்சி செய்தாள். மற்றவர்களும் செய்தார்கள். ஐந்தே காலுக்கும் அதையே செய்தார்கள். கொக்கு பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். அவள் கைகள் பரபரப்பதை நோட்டு அக்கா பார்த்தாள். எழுந்துவிடாதே என்று வேண்டிக்கொள்ளத் தோன்றியது; அதையும் அடக்கிக்கொண்டாள். அது அவளாக எடுக்க வேண்டிய முடிவு.

ஐந்தரைக்கு ஒருத்தி பந்தைச் சுவரில் அடித்தாள். பந்தில் காற்று இல்லை. தொப்பென்று விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். கோச் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கடிகாரத்தைப் பார்த்தார், வலை மூட்டையைப் பார்த்தார்.

"ஏய் கொக்கு. என்ன மகாராணி மாதிரி உக்காந்திருக்க? எழுந்து வலைய கட்டு."

நோட்டு அக்கா குனிந்து எழுதினாள். 5.42. வேலை: வலை கட்டுதல். சொன்னது: கோச். சொல்லப்பட்டது: பன்னிரண்டாம் எண்.

கொக்கு எழுந்தாள். "இன்னைக்கு யாரும் யாருக்கும் வேல சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

கடைசியில் கேப்டன் வீம்பாக எழுந்து, இது என்ன பிரமாத வேலையா என்று வலை மூட்டையை இழுத்தாள். ஒன்பது வருடமாக அந்த வலைக்கு மேலே எகிறி அடித்தவள் அவள். கம்பத்தைக் குழியில் இறக்கத் தெரியவில்லை. கம்பியை முறுக்கும் கைப்பிடி எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரியவில்லை. இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இருபது நிமிடம் மல்லுக்கட்டி, வியர்த்து விறுவிறுத்து ஒரு வழியாகக் கட்டி முடித்தபோது, மேலே வரவேண்டிய அகலமான வெள்ளைப் பட்டை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வலை தலைகீழ். யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் முகம் சுண்டிப்போய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை நோட்டு அக்கா தாள்களை எல்லாம் மேஜையில் பரப்பினாள். 'கண்டதை உள்ளபடி குறித்திருக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே ஒவ்வொரு தாளிலும் அவள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால்தான் செல்லும். மொத்தம் நூற்றெண்பது தாள். நேற்றைய தாளைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்கு மேலே, அழிக்க முடியாத பேனாவில் ஒரு வரி சேர்த்தாள்: 'யார் சொல்லிச் செய்தார்கள் என்பது இதில் இல்லை. குறிக்க வேண்டாம் என்று சொன்னது பேராசிரியர். அழித்தது நான்.'

பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் கூட்டம். பேராசிரியர், கோச், மேனேஜர், அவள். மேனேஜர் தாளைப் புரட்டினார், அந்த வரியில் நின்றார், இன்னொரு தாளைப் புரட்டினார், அதிலும் அதே வரி. பேராசிரியரின் காது சிவந்தது. இது ஒழுங்கீனம், கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"அப்ப இந்த நானூத்திப் பன்னெண்டுக்கு என்னதாம்மா அர்த்தம்?" என்று கேட்டார் மேனேஜர்.

"யாரை அதிகமா வேல வாங்கியிருக்கீங்கன்னு அர்த்தம் சார்." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவளப் பட்டியல்லேர்ந்து எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. ஆனா ஆராய்ச்சி சொல்லுச்சுன்னு சொல்லாதீங்க. சொன்னது யாருன்னு ஒரு எடம் போட்டு, உங்க பேர எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்ல, கோச் சார் போடட்டும்."

நேற்று எழுதிய தாளை மேலே வைத்தாள். 5.42. மேனேஜர் அதைப் படித்துவிட்டு கோச்சைப் பார்த்தார். கோச் ஜன்னலைப் பார்த்தார். மேனேஜரின் பேனா மேஜை மேலேயே கிடந்தது. அதைக் கையில் எடுக்க இரண்டு பேருக்குமே தெம்பில்லை.

நாலு மணிக்கு அரங்கத்துக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே கொக்கின் பெயர் இந்த வருடம் போலவே இருந்தது. ஒருங்கிணைப்பாளர் பதவியைப் பற்றிப் பேச்சே இல்லை. பந்து மூட்டையை மட்டும் அங்கே யாரோ சுவரோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நோட்டு அக்காவின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. போகிற அன்று பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் அவரே போன் செய்தார். பத்து பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், புரொஜெக்டர் வயர் எங்கே என்று கேட்டார். தேடுங்க சார், கெடைக்கும் என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கோபம் தணியவில்லை. ஏழு வருடக் கோபம் ஒரு போனில் தணியுமா?

சாயங்காலம் இன்னொரு அழைப்பு. பின்னால் விசில், கைதட்டல், யாரோ கத்தும் சத்தம்.

"அக்கா, நாந்தான் கொக்கு. இன்னைக்கு மேட்ச். கோச் என் மூஞ்சியப் பாக்கறதே இல்ல. ஆனாலும் ஒரு செட் முழுசா எறக்கினாங்க."

"எப்படி ஆடின?"

"மூணு பாயிண்ட் எடுத்தேன். ஒரு சர்வீஸ நேரா வலையில அடிச்சுட்டேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பரவால்லக்கா. நான் கட்டுன வலை இல்லையே."