இடது பக்கம் படுத்தால்

என் வீட்டுக்காரர் கப்பலில் எந்திர அறையில் வேலை பார்க்கிறார். என் நெஞ்சுக்குள் ஏதோ இடறுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான், டாக்டர் இல்லை. போன விடுமுறையில் என் முதுகில் காதை வைத்துப் படுத்திருந்தவர், "ஏய், உன் எந்திரம் நடுவுல ஒரு அடி முந்துது," என்றார். "காது வைக்கிறதை உங்க கப்பலோட வச்சுக்கோங்க," என்று எரிந்து விழுந்தேன். அவரும் கப்பலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கே அது தெரிய ஆரம்பித்தது.

இடது பக்கம் திரும்பிப் படுத்தால் அதிகம் தெரியும். ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும், அப்புறம் ஒன்றுமே இருக்காது, நின்றே போய்விட்டதோ என்று நினைப்பதற்குள் தொம்மென்று ஒன்று விழும். "வலது பக்கம் திரும்பிப் படுங்களேன் அண்ணி," என்றாள் கூடவே இருக்கும் நாத்தனார். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். வலது பக்கம் சுவர்தான் இருக்கிறது. இடது பக்கம் அவருடைய தலையணை.

அவருடைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம். நடுவில் இறங்கி வீட்டுக்கு வரவேண்டுமானால் மனைவிக்குச் சிகிச்சை தேவை என்று டாக்டர் சொல்லவேண்டும், அதுதான் கம்பெனி சட்டம். அவர் அதைப் பேச்சுவாக்கில்தான் போனில் சொன்னார். நான்தான் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா முதலில் ஸ்கேன் எடுத்தார். பிறகு நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்ன மெஷினை மாட்டிவிட்டார். ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு துடிப்பையும் அது பதிவு செய்யுமாம். "வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க," என்று சொல்லி அனுப்பினார்.

எல்லோரும் மெஷின் மாட்டினால் அடக்க ஒடுக்கமாக இருப்பார்கள். நான் நேர்மாறு. நான் வேலை செய்வது திரைச்சீலைக் கடையில், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த இடத்தில் வேலை. அன்றைக்கு என்றுமில்லாத திருநாளாக, ஏணியில் ஏறித் திரை மாட்டும் வேலையைக் கேட்டு வாங்கினேன். கனமான வெல்வெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன், இறங்கினேன். மதியம் சாப்பிடவில்லை. பால் விடாத காபியாகக் குடித்துத் தள்ளினேன். "உனக்கு என்ன பேய் பிடிச்சிருக்கா?" என்றார் முதலாளி. சாயங்காலம் நெஞ்சு தடதடவென்று இடறியபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதுவரை கற்பனை செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல என்ன பண்ணீங்க?"

காபியைச் சொன்னேன். ஏணியையும் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எப்பவாவது மயங்கி விழுந்திருக்கீங்களா? படி ஏறினா மூச்சு வாங்குதா? உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு போயிருக்காங்களா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்பதுதான் பதில்.

"இவ்வளவு கூத்தடிச்சும் நூறு துடிப்புல ரெண்டு கூட முந்தல. பத்துக்கு மேல போனா அடிக்கடி கவனிக்கணும். இதயம் பலவீனமானாலோ, தொந்தரவு தாங்க முடியலைன்னாலோ சிகிச்சையைப் பத்திப் பேசலாம். உங்க ஸ்கேன் ரொம்ப நல்லா இருக்கு. மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தா உடனே வாங்க. இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம். காபியைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க."

"ஒரு சின்ன மாத்திரையாவது எழுதுங்களேன் டாக்டர்."

"பயத்துக்கெல்லாம் மாத்திரை கிடையாதும்மா."

பயமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நல்ல சேதி கேட்டு முகம் தொங்கிப்போய் வெளியே வந்தவள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்தது. "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றார், சாப்பிட்டியா தூங்கினியா என்ற வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லாமல்.

சிகிச்சை வேணுமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அத்தனை தூரத்தில், அந்தச் சூட்டிலும் சத்தத்திலும் நிற்கிற மனிதரைப் பொய் சொல்லிப் பதறவைக்க மனம் வரவில்லை.

"ஒண்ணுமே இல்லையாம். சிகிச்சையெல்லாம் வேண்டாமாம்."

"நல்லதாப் போச்சு," என்றார். அது நல்லதைக் கேட்டவர் குரலாக இல்லை.

"என்ன, சுரத்தே இல்லாமச் சொல்றீங்க?"

"இல்ல, பையை அவிழ்க்கணும்."

"எந்தப் பை?"

"நீ டாக்டர்கிட்ட போறேன்னு சொன்ன அன்னிக்கே துணியெல்லாம் எடுத்துக் கட்டி வச்சுட்டேன்."

"அப்போ எனக்கு நோய் வரணும்னு வேண்டிக்கிட்டு இருந்தீங்களா?"

"சேச்சே, பெரிசா எல்லாம் இல்ல. சின்னதா ஒண்ணு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெல்வெட்டையும் ஏணியையும் சொன்னேன். "மூளை இருக்கா உனக்கு?" என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். எனக்கு நெஞ்சில் ஒன்று முந்தியது, அப்புறம் தொம்மென்று விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பையை அவிழ்க்காதீங்க," என்றேன்.

"ஏழு மாசமா? இங்க கட்டிலுக்குக் கீழே இடமே இல்லை. ராத்திரி எழுந்தா கால்ல இடிக்குது."

"இடிக்கட்டும்," என்றேன்.