முதல் கயிறு

கிழக்கு வெளுக்கும் முன்பே படகில் ஏற்ற ஐஸ் பாரைத் தள்ளித் தள்ளி ஜெகதீசனின் உள்ளங்கை மரத்துப்போனது. பழக்கமில்லாத வேலை. ஈரப் பலகையில் பார் வழுக்க, தோளைக் கொடுத்து நிறுத்தினான்.

அது லட்சுமணன் ஆட்களின் வேலை. ஐஸ் கம்பெனி முதலாளி கூலியைக் குறைத்ததால், புளியந்தோப்பிலிருந்து வரும் அந்தச் சுமைக்காரர்கள் முந்தாநாள் முதல் பாரைத் தொடவில்லை. ராயபுரம் துறைமுகக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளியாளுங்க சண்டைக்கு நம்ம படகு எதுக்கு நிக்கணும்?" என்று மகனை இந்த வேலையில் இறக்கியவர் சுப்புராயன்தான். அவர் வீட்டுப் படகு கயிறு அவிழ்த்த பிறகே குப்பத்தின் மற்றப் படகுகள் அவிழ்க்கும். தலைமுறை தலைமுறையாய் வந்த மரியாதை.

"நீங்க அவுத்தா எல்லாரும் அவுத்துடுவான் பெரியவரே. நாளிக்கு இவனுங்களே வந்து கால்ல வுழுவானுங்க," என்றார் முதலாளி.

சுப்புராயன் மீசையைத் தடவியபடி நடந்தார். கயிறு கட்டிய இரும்புக் கட்டையின்மேல் குப்பம்மா உட்கார்ந்திருந்தாள். லட்சுமணன் கூட்டத்தில் ஒருத்தி. மாவுக்கட்டுப் போட்ட கால் கயிற்றின்மேல் கிடந்தது.

"கால எடும்மா. படகு போவணும்."

"எடுக்கறேன் நைனா. தானா வராது, கொஞ்சம் இரு." பல்லைக் கடித்துக்கொண்டு இரு கைகளாலும் காலைத் தூக்கினாள்.

"இன்னா ஆச்சு?"

"தெரியாதா? போன வாரம் உன் படகுக்குத்தான் ஏத்திகினு இருந்தோம். பாரு சறுக்கி வுழுந்துச்சு. நீ மேல நின்னு கத்துனியே, 'சீக்கிரம், ஐஸு கரையுது'ன்னு."

கத்தியது அவருக்கு நினைவிருந்தது. யார் கால் என்று குனிந்துகூடப் பார்க்காததும்.

காது மடல் சுட்டது. மகன் பார்த்துக்கொண்டிருந்தான். சுப்புராயன் குனிந்தார். அவிழ்க்கவில்லை, இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"இன்னா பெரியவரே, இறுக்குறீங்கோ?" என்றார் முதலாளி.

"இவங்க கூலிக்கு வழி சொல்லு."

"உங்க ஐஸும்தான் கரையும்!"

"கரையட்டும்."

பக்கத்துப் படகுகளில் கயிற்றைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாய் விலகின.

சுப்புராயன் லட்சுமணனிடம் திரும்பினார். "சாயங்காலம் குப்பத்துப் பஞ்சாயத்து மண்டபத்துக்கு வாங்க. சேந்து பேசலாம்."

"மண்டபத்துக்குள்ளயா, வெளிய மணல்லயா?" குப்பம்மா சிரிக்காமல் கேட்டாள்.

அங்கே சுமைக்காரர்கள் உட்கார்ந்ததில்லை. உட்கார விட்டதில்லை. அது தன் தாத்தா போட்ட கட்டுப்பாடு என்று பெருமையாய்ச் சொல்லித் திரிந்தவர் அவர். இப்போது தலை நிமிரவில்லை.

"உள்ள," என்றார் தரையைப் பார்த்தபடி. "என் பக்கத்துல."

"என்னால நடக்க முடியாதே."

"மீன்பாடி வண்டி கீதுக்கா, நான் இட்டுகினு போறேன்," என்றான் ஜெகதீசன்.

"பாத்து ஓட்டு மாமு. நீ ஐஸ் தள்ற லட்சணத்த இவ்ளோ நேரம் பாத்தேன்," என்றான் லட்சுமணன். இரண்டு பக்கமும் சிரிப்பு எழுந்தது.

பலகையில் ஐஸ் கரைந்து கடலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு படகும் நகரவில்லை.