மறக்க மாட்டேன் என்று எழுதிய நாவல்

கடைத்தெருவில் அவளைத் 'தராசு மேடம்' என்றுதான் சொல்வார்கள். எடையளவுச் சோதனைப் பிரிவில் இருபத்தாறு வருஷ வேலை. பித்தளை எடைக்கற்களைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவாள். கல்லை விரலால் தொடமாட்டாள், இடுக்கியால்தான் எடுப்பாள். விரலில் இருக்கும் பிசுக்குகூட எடையோடு சேர்ந்துவிடும் என்பாள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே சில கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வீட்டில் அந்தக் கண்டிப்பெல்லாம் கிடையாது. போட்டது போட்டபடி கிடக்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அங்கேயும் தராசு மேடம்தான். படித்த நாவல்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தாள். இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்தது, ஐம்பத்து மூன்றில் நாலாவது நோட்டுக்கு வந்திருந்தது. எல்லாம் விண்கப்பல், வேற்றுக் கிரகம், காலப்பயணம், டிராகன், மந்திரவாதிகளின் ராஜ்ஜியம் என்று இந்த உலகத்தில் கால் பாவாத கதைகள். தலைப்பு, எழுதியவர், முடித்த தேதி, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண், அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி. 'டிராகன் பரவாயில்லை, இளவரசனைத்தான் சகிக்க முடியவில்லை.' 'மூன்றாம் பாகத்தை எழுதாமலே விட்டிருக்கலாம்.' நோட்டின் பின்பக்கங்களில் எழுத்தாளர் வாரியாக ஓர் அட்டவணை வேறு.

பம்பு மெக்கானிக்கான அவள் கணவருக்கு இது தீராத வேடிக்கை. "எங்க கல்யாணத் தேதியக் கேட்டா யோசிப்பா. ஏழாவது கிரகத்துல என்னைக்கு இறங்கினான்னு கேளுங்க, பட்டுனு சொல்லுவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு நாவலை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை படித்திருந்தாள். 'நெடுந்துயில் கப்பல்' என்று பெயர். முந்நூறு வருஷப் பயணத்துக்கு ஆயிரம் பேரை உறங்க வைத்து ஏற்றிக்கொண்டு போகிற கப்பல். அதில் விழித்திருப்பவள் ஒரே ஒரு காவல்காரி. அவள் யாரோடும் பேசாமல் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே வயதாகிறாள். நடை கொஞ்சம் இழுவை, ஆனாலும் விட மனசில்லை. இந்த ஆள் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா, நாம் படித்திருக்கிறோமா என்று பார்க்கத்தான் பழைய நோட்டின் அட்டவணையைப் புரட்டினாள்.

அந்த எழுத்தாளர் பெயர் இருந்தது. அதற்கு நேரே ஒரே ஒரு புத்தகம். 'நெடுந்துயில் கப்பல்.' முன்பக்கம் புரட்டி அந்த வரிசையைத் தேடினாள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஐந்துக்கு ஐந்து. அவள் கையெழுத்தேதான், சந்தேகமே இல்லை. பக்கத்தில் எழுதியிருந்த வரி: 'இதை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.'

மேஜை மேல் கிடந்த புத்தகத்தைத் திரும்ப எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒரு வரியாவது, ஒரு பெயராவது பழகினதாக இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றுகூட இல்லை. நேற்றுத்தான் முதல்முறையாகப் பார்த்தது போல இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் 'அட, மறந்துட்டேன்' என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. அவள் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அடுத்த வீட்டுக்காரியின் பெயர் போயிற்று. பிறகு மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. கடைசியில் ஒருநாள் இரண்டு மகள்களையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் யார் வீட்டுப் பொண்ணுங்கம்மா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு நோட்டில் விரலை வைப்பது, தலைப்பைப் பார்த்துக் கதையைச் சொல்வது. முப்பது நாவல்களில் பதினொன்றுக்கு எதுவுமே வரவில்லை. வெறும் அட்டைப்படம்கூட வரவில்லை. பதினொன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, மடித்து, எடைக்கல் பெட்டிக்கு அடியில் வைத்தாள். கணவரிடம் மூச்சு விடவில்லை. அவர் குழாய் வெடித்தாலும் பதறாத மனுஷர். இவளுக்குத் தலைவலி என்றாலோ இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார்.

அந்த வாரம் வேலையும் ஓடவில்லை. ஒரு காய்கறிக்கடைத் தராசுக்கு முத்திரை வைத்துவிட்டு நாலு கடை தள்ளிப் போனபிறகு, இரண்டு கிலோ கல்லை வைத்துப் பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போனாள். "இப்பத்தானே மேடம் பாத்தீங்க, ரெண்டு தடவ வெச்சீங்களே" என்றார் கடைக்காரர். மூன்றாவது தடவையும் வைத்தாள். தராசு சரியாகத்தான் இருந்தது.

பத்து நாள் பொறுத்தாள். பிறகு அரைநாள் லீவு போட்டுவிட்டு, நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். கூட ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். உங்களை நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றார்கள். அக்காவைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அக்கா இரண்டு நிறுத்தம் தள்ளித் தையல் வகுப்பு நடத்துகிறவள். அறுபது வயது. வாய்க்கு வாய் கேலி, ஆனால் கூப்பிட்டால் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு வந்துவிடுவாள். "கால்வலின்னு சொல்லிட்டு நரம்பு டாக்டருக்கு ஏண்டி?" என்று பஸ்ஸிலேயே கேட்டாள். இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருத்துவமனைக் கூடத்தில் நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாகப் போட்டிருந்தன. டோக்கன் எண் பதினேழு. உள்ளே ஒன்பதாவது ஆள் போயிருந்தார். அங்கே உட்கார்ந்துதான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"இதப் பாருக்கா. அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கேன். மறக்க மாட்டேன்னு எழுதியிருக்கேன். ஒரு வரி ஞாபகம் இல்ல. அம்மா மாதிரிதான் ஆகப்போறேன்."

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். தலைப்பைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அக்காவுக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தங்கை நினைத்தாள்.

"இந்தத் தேதி," என்றாள் அக்கா மெதுவாக, "உனக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, அந்த வருஷம்தானே?"

ஆமாம், அந்த வருஷம்தான். விழித்திரை பிய்ந்து, ஆபரேஷன் செய்து, மூன்று வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தலையணை நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். கண் திரும்பக் கிடைக்குமா என்றே தெரியாத நேரம். அக்கா தினமும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளுக்கு நாவல் படித்துக் காட்டினாள், ஒன்றில்லை, ஐந்து நாவல். கட்டுப் பிரித்து, பார்வை தெளிந்து, இரண்டு மாதம் கழித்துத்தான் அட்டைகளைப் பார்த்துத் தலைப்புகளை ஒரேயடியாகப் பதிவேட்டில் ஏற்றினாள்.

"அதுல இதுவும் ஒண்ணு" என்றாள் அக்கா.

"அப்போ நீ படிச்சதுதானேக்கா. அதுவும் மறந்துபோச்சே."

அக்கா புடவை முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள். "நான் எங்கடி அதப் படிச்சேன்" என்றாள்.

"என்னக்கா சொல்ற?"

"முதல் பக்கத்துல ஒரு பேரு. வாயிலயே நுழையல. ரெண்டாம் பக்கம் முழுக்க இன்ஜினு. மூணாம் பக்கமும் இன்ஜினு. எனக்குத் தூக்கம் சொக்குது. நீ குப்புறப் படுத்திருக்க, நான் எந்தப் பக்கம் புரட்டறேன்னு உனக்கென்ன தெரியும்? அப்படியே கையில வெச்சுக்கிட்டு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

தங்கை நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

"அந்தக் காவல்காரி தனியா இருக்கறது எனக்குப் பிடிக்கல" என்று அக்கா தொடர்ந்தாள். "பாவம், யாராவது பேச்சுத்துணைக்கு வேணாமா? அதான் நாலு பேர எழுப்பி விட்டேன். ஒரு சின்ன மாமாவ எழுப்பினேன். அவரு..."

"ஊறுகாய் ஜாடியத் தேடுவாரு" என்றாள் தங்கை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முந்நூறு வருஷம் தூங்கி எழுந்ததும் முதல்ல அதத்தான் கேப்பாரு" என்று தங்கை வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "அப்புறம் அவரு பொண்டாட்டிய எழுப்பாதீங்கன்னு கெஞ்சுவாரு. அந்தம்மா தானா எழுந்துடுவாங்க. சமையலறைக்கு யாரு பொறுப்புன்னு ரெண்டு நாத்தனாருக்கும் சண்டை. கப்பலோட வேகம் குறையும். கடைசியில கப்பல்லயே ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சட்டை இல்லாம விண்வெளி உடுப்பப் பிரிச்சுத் தைப்பாங்க."

"காலர் வெச்சுத் தைச்சாங்க" என்றாள் அக்கா.

"ஆமா, காலர் வெச்சு. நான் அந்தக் கதைய அப்பப்ப நெனச்சுச் சிரிப்பேன்க்கா. எந்தப் புத்தகம்னுதான் தெரியாது. இந்த இழுவைக் கப்பலும் அதுவும் ஒண்ணுன்னு எப்படித் தோணும்?"

சொல்லிக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. பத்து நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் மடமடவென்று இறங்கிற்று. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதிர் நாற்காலிக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். அக்கா அவரிடம், "ஒண்ணும் இல்லைங்க, நல்ல சேதிதான்" என்றாள்.

பதினேழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். வந்ததற்கு மருத்துவரையும் பார்த்துவிடலாம் என்று உள்ளே போனார்கள். அவர் கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஐந்து வார்த்தை சொல்லி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டார். எல்லாவற்றையும் அவள் சரியாகச் செய்தாள். பிறகு அந்தத் துண்டுத்தாளை நீட்டினாள். முப்பதில் பதினொன்று மறந்துபோனதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எத்தனை வருஷத்துப் புத்தகம்?" என்றார் மருத்துவர்.

"முப்பத்தொரு வருஷம்."

"அதுல பத்தொன்பது ஞாபகம் இருக்கா?" மருத்துவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் போன மாசம் படிச்சதயே சொல்ல மாட்டேம்மா. இந்தப் பதினொண்ணும் சுமாரான புத்தகமா இருந்திருக்கும். போய் நிம்மதியா இருங்க. வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க, போதும்."

தங்கை எழுந்துகொண்டாள். அக்கா எழவில்லை.

"டாக்டர், என்னையும் ஒரு தடவ பாத்துடறீங்களா?" என்றாள். எப்போதும் இருக்கும் கேலி அந்தக் குரலில் இல்லை.

தங்கை திகைத்து அக்காவைப் பார்த்தாள்.

"நானும் ரெண்டு வருஷமா தினமும் காலையில தையல் வகுப்புப் பொண்ணுங்க பேர வரிசையா சொல்லிப் பாத்துக்கறேண்டி" என்றாள் அக்கா, அவள் பக்கம் திரும்பாமலே. "ஒரு பேரு தட்டினா அன்னிக்குப் பூரா சோறு இறங்காது. உனக்கு மட்டும்தான் அம்மாவா?"

மருத்துவர் இன்னொரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அக்கா வரைந்த கடிகாரத்துக்கு விளிம்பு சுற்றித் தையல் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் முள் இரண்டும் சரியான இடத்தில் நின்றன. கழித்தலில் ஓர் இடத்தில் தடுமாறினாள். கணக்கு எப்போதுமே வராது என்று தங்கை குறுக்கே புகுந்து சாட்சி சொன்னாள். ஐந்து வார்த்தையையும் அக்கா ஒப்பித்தது மட்டுமில்லாமல், தங்கைக்குக் கொடுத்த ஐந்தையும் சேர்த்துச் சொன்னாள். மருத்துவர் பேனாவை மூடிவிட்டார்.

வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. வீடு வரும்வரை, அந்த ஐந்து நாவல்களில் வேறு எதிலெல்லாம் கைவைத்தாய் என்று தங்கை குடைந்தாள். மந்திரவாதி நாவலை ஒழுங்காகப் படித்ததாக அக்கா சத்தியம் செய்தாள், சண்டைக் காட்சிகள் நன்றாக இருந்தனவாம். மற்ற மூன்றைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை, வேலை முடிந்து வந்து, தங்கை 'நெடுந்துயில் கப்பல்' நாவலை முடித்தாள். உடனே போனை எடுத்தாள்.

"அக்கா, அந்தக் காவல்காரி கடைசியில தனியாவே செத்துப்போறா. கப்பல் போய்ச் சேர்றதக்கூடப் பாக்கல."

"தெரியும்" என்றாள் அக்கா. "அன்னிக்கே கடைசிப் பக்கத்தப் புரட்டிப் பாத்துட்டேன்."

"அப்போ தெரிஞ்சேதான் மாத்தினியா?"

மறுமுனையில் தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றது.

"நீ கண்ணு வருமா வராதான்னு குப்புறக் கெடக்கற. அந்த நேரத்துல உன் பக்கத்துல உக்காந்து அவள சாக விடச் சொல்றியா? போடி" என்றாள் அக்கா. பிறகு, "ஒரு பொண்ணு ஜாக்கெட் கையத் தப்பா வெட்டறா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

தங்கை நோட்டை எடுத்தாள். புது வரிசையில் தலைப்பையும் எழுத்தாளரையும் தேதியையும் எழுதி, ஐந்துக்கு மூன்று போட்டாள். 'இன்ஜின் அதிகம்' என்று எழுதினாள். அதன்பிறகு பழைய நோட்டைத் திறந்து, பதினோரு வருஷத்துக்கு முந்தைய வரிசையில், எழுதியவர் என்ற கட்டத்தில் இருந்த பெயரை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதற்கு மேலே சின்ன எழுத்தில் 'அக்கா' என்று எழுதினாள். மதிப்பெண்ணை மாற்றவில்லை.