இரண்டு விரல் இடைவெளி

இன்று சத்தம் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள் ஸ்வப்னா. சந்து முனையில் வேகத்தடையாக இருந்த ஹம்ப்பை அவள் புருஷன் தாணுமாலையன் நேராக ஏறவில்லை. காரைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கி, பிறகு அடுத்ததை ஏற்றி, பாம்பு மாதிரி தாண்டினான். சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு மாதமாக அந்த வண்டியின் அடி ஹம்ப்பில் உரசுகிறது. கழக்கூட்டம் ஐடி பார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஒரு பையனிடம் வாங்கிய பழைய வண்டி அது. கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் போட்டுத் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தான். தாணுவுக்கு அந்தத் தாழ்வுதான் பிடித்தது. ஆனாலும் அவன் ஒருத்தன் ஓட்டினால் ஹம்ப்பில் தட்டாது. பின்சீட்டில் அவளும் மாமியாரும் ஏறினால்தான் லேசாகத் தட்டும். பழவங்காடியில் பூஜை சாமான் கடையில் நிற்கிறவன் மத்தியானச் சோற்றுக்குத் தனியாக வருகிறான். அப்போது ஏன் உரச வேண்டும்?

"ஷாக் அப்சார்பர் போயாச்சுடி, துள்ளித் தாழ்ந்து இருக்குது. அதாக்கும்" என்றான் முதல் தடவை கேட்டபோது.

நம்பினாள். ஹைவே ஓரம் ஐயப்பனுடைய ஒர்க்‌ஷாப்புக்கு அவளும் கூடப் போனாள். புது ஷாக் மாட்டிவிட்டு ஐயப்பன் வண்டியின் பின்னால் கையை ஊன்றி அமுக்கினான். ஒரு தரம் எழும்பி அப்படியே நின்றது.

"இனி உயரமா நிக்குமா?" என்று கேட்டாள்.

"ஷாக்கு துள்ளலத்தான் நிறுத்தும் சேச்சி. வேணும்னா ஒரு நூல் ஏறும். தாங்குறது ஸ்பிரிங்காக்கும். பாரம் கேறினா தாழ்ந்து இருக்கும், எறக்கினா எழும்பும்."

"அவளுக்கு எதுக்கு ஓய் கிளாஸ் எடுக்கீரு? நாளைக்கு இங்க வேலைக்கு வந்து நிப்பா" என்றான் தாணு. ஐயப்பன் சிரித்தான். தாணு சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினான்.

துள்ளல் நின்றது. உரசல் நிற்கவில்லை. முன்பு டக்கென்று தட்டியது, இப்போது நீளமாக இழுத்துக்கொண்டு போனது. அவள் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டாள். காலையில் அவன் கிளம்புமுன் பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. மத்தியானம் வந்து நின்றபோது ஒரு விரல்கூடப் போகவில்லை. மறுநாள் காலை மறுபடியும் இரண்டு. தளர்ந்த ஸ்பிரிங் ராத்திரியில் எழும்பாது. பாரம்தான் ஏறி இறங்குகிறது.

"டிக்கியில ஒரு சாக்கு தேங்கா கெடக்கு. கோயிலுக்கு" என்றான் இரண்டாம் தடவை கேட்டபோது.

ஒரு சாக்குத் தேங்காயின் கனம் அவளுக்குத் தெரியாதா? அதற்கு வண்டி இவ்வளவு தாழாது. பொன்முடி தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். கொழுந்துச் சாக்கை இடுப்பில் தாங்கி எடைக் கொட்டகைக்கு நடந்தவள். தராசில் ஏறுமுன்பே அவள் இடுப்புக்கு எடை தெரியும். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கங்காணி கழித்துக் கழித்து எழுதுவான். அம்மா கேட்டால், "எல்லாம் உங்களுக்குத்தான்" என்பான். அந்த அம்மா கொழுந்து கிள்ளிக் கிள்ளி முதுகு வளைந்து, வேலையை விட்டு நின்றபோது எஸ்டேட் கொடுத்த பணத்தில்தான் இந்த வண்டி வந்தது. அதனால் வண்டி ஸ்வப்னாவின் பேரில் இருக்கிறது. டிக்கியில் எதைக் கொண்டுபோகிறானோ, போலீஸ் மடக்கினால் தேடி வருவது அவளைத்தான். ஐடி பார்க்கில் சாயங்காலம் துடைக்கவும் கூட்டவும் அவளை உள்ளே விடுகிற பாஸ், ஒரு கேஸ் வந்தால் அன்றைக்கே போய்விடும்.

இப்போது தண்ணீர்ச் செம்போடு வெளியே போனாள். அவன் இறங்கிப் பூட்டினான். அவன் பார்க்கவே குனிந்து பின் டயரில் விரல் வைத்தாள். நகம்கூட நுழையவில்லை.

"என்னடி, வண்டிக்கு நாடி பாக்கியா?"

"கோணலா எதுக்கு ஏறுனீய?"

"அடி தேஞ்சா உனக்குத்தானே நஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

எப்போதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உட்காருவான். இன்று சட்டையோடு உட்கார்ந்தான். சாவி சட்டைப் பையில் இருந்தது. மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். அவள் வைத்தது நேற்றைய மோர்ப் புளிசேரி.

அவன் கை கழுவுவதற்குள் அவள் நடந்து போய் ஹம்ப்பின் மேல் நின்றுகொண்டாள். காலடியில் சிமெண்டில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். வண்டி திரும்பி வந்து அவள் முழங்காலுக்கு முன்னால் நின்றது. ஹார்ன் அடித்தான்.

"மாறி நில்லு. நேரமாச்சு."

"டிக்கியத் தொறங்க."

"ஆளுங்க பாக்குது, ஸ்வப்னா."

"பாக்கட்டும். வண்டி எம் பேர்லதான."

எதிர்வீட்டு ஆள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். தாணு தலையை வெளியே நீட்டிக் குரலைத் தாழ்த்தினான்.

"கொறச்சு நாள் பொறு. எல்லாம் நமக்குத்தான்."

அவள் நகரவில்லை. கங்காணியின் வெற்றிலை வாசனை மூக்கில் வந்து போனது. வெயில் பானெட்டில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. ஹார்ன் இன்னொரு தரம் அடித்தது, பிறகு இல்லை. எஞ்சின் நின்றது.

தாணு சாவியை உருவிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினான். அவன் உட்கார்ந்திருந்த பக்கம் முன்னால் கொஞ்சம் எழும்பி நின்றது. டிக்கியின் கனத்தில் பின்பக்கம் எழும்பவில்லை.